ஐயத்தின் பயன் எவருக்கு?

காலணி ஒன்றை வாங்கும்போது அதன் தோலைப் பார்க்கிறோம், தையலைப் பார்க்கிறோம், அடித்தளத்தை வளைத்துப் பார்க்கிறோம். அடித்தளத்தையும் மேல்தோலையும் பிணைத்து நிற்கும் பசையை நாம் பார்ப்பதில்லை. அந்தப் பசையை இளக்கி, தூரிகையால் தடவத் தக்கதாக ஆக்குவது கரைப்பான் எனப்படும் திரவம். மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையிலும் செருப்புத் தைப்பவரிடத்தும் 'சொல்யூஷன்' என்ற பெயரில் நாமெல்லாரும் அறிந்த குழம்பில் பெரும்பகுதி இக்கரைப்பானே. வண்ணம் பூசுவோர் 'தின்னர்' என்று அழைப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது. இதன் சிறப்பு என்னவெனில், தன் வேலை முடிந்ததும் இது போய்விடும். தடவிய சிறிது நேரத்தில் ஆவியாகி மறையும். பசை மட்டும் எஞ்சும். எவ்வளவு விரைவாக மறைகிறதோ அவ்வளவு நல்ல சரக்கு என்பது தொழிலின் கணக்கு.

மறைந்தது எங்கே போயிற்று? நாம் விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் காலணியில் அது இல்லை. பட்டறையின் காற்றில் கலந்தது. அக்காற்றை நாளெல்லாம் சுவாசித்தவரின் நெஞ்சுக்குள் சென்றது. பொருளில் ஒரு பகுதி வாங்குகிறவருக்கு, மற்றொரு பகுதி செய்தவருக்கு என்று, யாரும் வாய்திறந்து சொல்லாமலே ஒரு பங்கீடு நடந்து முடிந்துவிடுகிறது. இந்தப் பங்கீட்டைத்தான் இக்கட்டுரையில் மனச்சான்றின் முன் நிறுத்திப் பார்க்க விழைகிறோம். மருத்துவம் போதிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் உடலில் நடப்பதை அறியாமல் அறத்தைப் பேசப் புகுந்தால் பேச்சு வெறும் இரக்கமாக முடிந்துவிடும். இரக்கத்தால் இதுவரை எந்தப் பட்டறையிலும் ஒரு சாளரம்கூடத் திறந்ததில்லை.

கொழுப்பைக் கரைப்பது இத்திரவங்களின் இயல்பு. நம் மூளையும் நரம்புகளும் கொழுப்புச் செறிந்தவை. ஆகவே கரைப்பானின் ஆவி முதலில் அங்கேதான் சென்று தங்குகிறது. தலைவலி, கிறக்கம், குமட்டல், காரணமற்ற எரிச்சல் என்பன மாலை நேரத்தில் தோன்றும். வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளிந்துவிடுவதே இதிலுள்ள பெரிய வஞ்சகம் எனலாம். 'இன்று தலை சுற்றிற்று, நாளை சரியாகிவிடும்' என்று பத்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. தீயில் கை பட்டால் உடனே இழுத்துக்கொள்கிறோம். வலியே நமக்கு ஆசான். இங்கு அந்த ஆசான் வாய் திறப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடுகிறது.

இவ்வினத்தில் மிகக் கொடியது பென்சீன். 1825இல் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர் இதனைத் தனியே பிரித்தெடுத்தார். நிறமற்றது, ஏறக்குறைய இனிய மணமுடையது, 80 பாகை வெப்பத்திலேயே கொதிப்பது. நிலக்கரித் தாரிலிருந்து மலிவாகக் கிடைத்ததால் இரப்பர், வண்ணம், தோல் முதலிய தொழில்களில் எளிதாக நுழைந்தது. இது எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. செங்குருதி அணுக்களும் வெள்ளணுக்களும் குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களும் பிறக்கும் இடம் மஜ்ஜை. அந்த ஊற்று வற்றினால் மனிதன் வெளுக்கிறான். சிறு கீறலிலும் குருதி நிற்பதில்லை. எளிய காய்ச்சலும் ஆளை வீழ்த்துகிறது. 1897ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டில் மிதிவண்டி டயர் செய்யும் தொழிற்சாலையில் வேலைபார்த்த இளம்பெண்கள் நால்வர் இவ்வாறு மாண்டதைச் சாந்தெசொன் என்னும் மருத்துவ அறிஞர் எழுதிவைத்தார். வற்றாமல் எஞ்சிய ஊற்று கலங்கினாலோ, அதுவே இரத்தப் புற்றுநோயாக வெளிப்படுகிறது. வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே அது வருவதில்லை. பல ஆண்டுகள் கழித்து, சிலருக்கு வேலையை விட்டு ஊர் திரும்பிய பிறகு வரும். முதலாளி மாறியிருப்பார், பட்டறை இடிந்திருக்கும், எந்தப் பசை, எந்தப் பெயர் என்பது நோயாளிக்கே மறந்திருக்கும்.

இஸ்தான்புல் நகரத்தில் நடந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். அங்குச் சிறு சிறு அறைகளில், காற்று நுழைய வழியின்றிக் காலணித் தொழில் நடந்துவந்தது. 1950களின் இறுதியிலிருந்து பென்சீன் கலந்த பசை அந்த அறைகளுக்குள் வந்தது. அது மலிவு, விரைவில் உலரும், தொழிலாளிக்கும் பிடித்திருந்தது. முசாஃபர் அக்சாய் என்னும் குருதி நோய் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தம்மிடம் மஜ்ஜை வற்றிய நிலையிலும் இரத்தப் புற்றுநோயோடும் வருகிறவர்களில் செருப்புத் தொழிலாளர் மிகுதியாக இருந்தனர். 1967 முதல் 1973 வரையிலான காலத்தில் அத்தகைய 26 பேரைப் பற்றி 1974இல் எழுதினார். அந்நகரின் காலணித் தொழிலாளரை எண்ணிப் பார்த்தபோது, அவர்களிடையே இந்நோய் பொதுமக்களிடையே காண்பதைவிட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. பின்னர் அப்பசை குறைந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. இதைவிடத் தெளிவான சான்று எதுவும் வேண்டுமா? ஆனால் இச்சான்று எதனால் ஆனது என்பதை எண்ணிப் பாருங்கள். இருபத்தாறு குடும்பங்களின் துயரத்தால் ஆனது. சோதனைச் சாலையில் எலிகளைக் கொண்டு அறிந்திருக்க வேண்டியதை இஸ்தான்புல்லின் செருப்புத் தொழிலாளரைக் கொண்டு உலகம் அறிந்தது.

உலகம் அதற்குமுன் அறியாதிருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1948இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வெளியிட்ட நச்சியல் குறிப்பொன்று, பென்சீனைப் பொறுத்தவரை முற்றிலும் பாதுகாப்பான அளவு பூச்சியமே எனக் கருதப்படுவதாகச் சொல்லியது. அதே குறிப்பு, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 50 பங்குவரை இருக்கலாம் என்று வேலைத்தளங்களுக்குப் பரிந்துரைத்தது. பூச்சியத்துக்கும் ஐம்பதுக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளியில் நின்று வேலை செய்தவர்கள் யார் என்று அந்தக் குறிப்பு கேட்கவில்லை.

பென்சீன் தீயது என்று உறுதிப்பட்டபின் அதனை அகற்றி வேறொன்றை வைத்தார்கள். இங்கேதான் நம் சிந்தனைக்கு உரிய செய்தி தொடங்குகிறது. ஜப்பானில் வீடுகளிலேயே செருப்பு ஒட்டும் தொழிலாளர் நோயுற்றதையடுத்து 1959இல் பென்சீன் கலந்த இரப்பர்ப் பசை தடைசெய்யப்பட்டது. அதனிடத்தில் ஹெக்சேன் என்னும் கரைப்பான் வந்தது. பென்சீனின் கொடுமை இதற்கில்லை என்று நம்பினார்கள். சில ஆண்டுகளில் செருப்பு ஒட்டுகிறவர்களின் பாதங்கள் மரத்தன, கைகளால் பொருள்களைப் பற்ற முடியவில்லை, நடை தள்ளாடியது. 1969இல் வெளியான ஆய்வொன்று இத்தகைய 93 பேரைப் பதிவு செய்தது. இத்தாலியிலும் 1963இல் சட்டம் பென்சீனைக் கட்டுப்படுத்தியபின் இதே கதை தோல் தொழிலாளரிடையே நிகழ்ந்தது. ஹெக்சேன் உடலுக்குள் சென்றதும் கல்லீரல் அதனை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அப்பொருளே நரம்பைக் கெடுக்கிறது. உடலின் மிக நீண்ட நரம்புகள் முதலில் பழுதாவதால் பாதத்தில் தொடங்கி மேலேறுகிறது. வேலையை நிறுத்திய பின்னரும் சில வாரங்கள் நோய் முற்றிக்கொண்டே போவதுண்டு.

நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2009இல், சீனாவின் சூசோ நகரில் விண்டெக் என்னும் தொழிற்சாலையில் கைப்பேசியின் தொடுதிரைகளைத் துடைக்கச் சாராய வகைத் திரவத்துக்குப் பதிலாக ஹெக்சேனைக் கொடுத்தார்கள். ஏன்? அது இன்னும் விரைவாக உலர்கிறது. ஒரு மணி நேரத்தில் இன்னும் சில திரைகள் துடைக்கலாம். அத்தொழிற்சாலையிடம் பொருள் வாங்கிய ஆப்பிள் நிறுவனமே, நோயுற்றோர் 137 பேர் என்று 2011இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஜப்பானியச் செருப்புத் தொழிலாளரின் பாதங்கள் எழுதிய பாடத்தை அங்கே எவரும் படித்திருக்கவில்லை. படித்தவர் இருந்திருந்தால், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்நிகழ்ச்சிகளில் எல்லாம் ஒரே ஒழுங்கு ஓடுவதைக் காண்கிறோம். புதிய பொருள் ஒன்று வருகிறது. அது தீங்கற்றது என்று எவரும் மெய்ப்பித்ததில்லை; தீங்குடையது என்றும் மெய்ப்பித்ததில்லை. ஐயமான நிலை. அந்த ஐயத்தின் பயன் யாருக்குச் சேரவேண்டும்? நீதிமன்றத்தில், குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவர் குற்றமற்றவரே என்பது விதி. மனிதனின் மாண்பைக் காக்க மனிதருக்காக எழுந்த உயரிய விதி அது. தொழிற்சாலையில் அவ்விதியைப் பசைக்கும் திரவத்துக்கும் கொடுத்துவிட்டோம். ஹெக்சேன் நிரபராதியாக உள்ளே நுழைகிறது. அதற்கெதிராகச் சாட்சி சொல்லவேண்டியவர் தொழிலாளி. சாட்சியம் அவருடைய மரத்த கால்கள். மனிதருக்குரிய சலுகையை உயிரற்ற பொருளுக்குத் தந்து, பொருளுக்குரிய சோதனையை மனிதர்மேல் நடத்துவது தலைகீழான நீதியன்றோ?

இந்த வினாவுக்குத் திருச்சபையின் அறநெறி இறையியலில் நெடுநாளைய விடை ஒன்று உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில், ஐயமான நிலையில் மனச்சான்று எவ்வாறு முடிவெடுக்க வேண்டும் என்பதுபற்றி நம் இறையியலார் கடுமையாக வாதிட்டனர். ஒரு செயல் சட்டத்தால் தடுக்கப்பட்டதா இல்லையா என்று நியாயமான ஐயம் எழுந்தால், உரிமையின் பக்கம் சாயலாம் என்றனர் சிலர்; சட்டத்தின் பக்கமே சாயவேண்டும் என்றனர் சிலர். தளர்ச்சி மிகுந்த கருத்துகள் அறுபத்தைந்தைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679இல் கண்டிக்க வேண்டியதாயிற்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் குருக்களின் பாதுகாவலரான புனித அல்போன்ஸ் லிகோரியார் இருபுறத்துக்கும் நடுவே வழி கண்டார். இவ்வளவு வாதத்துக்கும் இடையே அனைவரும் ஒருமித்து ஏற்ற செய்தி ஒன்று இருந்தது. அதை விளக்க அவர்கள் சொல்லும் எடுத்துக்காட்டு வேடனைப் பற்றியது. புதருக்குள் ஏதோ அசைகிறது. மானாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். வேடன் அம்பு எய்யலாமா? மானாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று அவன் வாதிடலாமா? கூடாது. அடுத்தவரின் உயிர் எதிரே நிற்கும்போது 'இருக்கலாம்' என்பது போதாது. பாதுகாப்பான வழியையே தெரிந்துகொள்ள வேண்டும். வாய்ப்பைக் கணக்கிடும் உரிமை சொந்தப் பணத்தின்மேல் நமக்கு உண்டு. பிறன் குருதியின்மேல் இல்லை.

புதரில் அசைவது மனிதனே என்று அறிந்து எய்தால் அது கொலை. அறியாமல், அறிய முயன்று, தவறினால் விபத்து. ஐயத்தோடு எய்தால்? அம்பு மானையே தைத்தாலும் வேடன் குற்றவாளியே என்பார்கள் அறநெறி ஆசிரியர்கள். ஏனெனில் மனிதனாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவன் உள்ளத்தில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான். இப்பகுதியை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். எந்தப் பட்டறையில் இதுவரை யாருக்கும் நோய் வரவில்லையோ அந்தப் பட்டறையையும் இது விட்டுவைக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாகக் கேட்டாக வேண்டும். எல்லா ஐயத்துக்கும் அஞ்சினால் அடுப்பும் மூட்ட முடியாது என்பர். உண்மைதான். நியாயமான அடிப்படை உள்ள ஐயம் வேறு, வெறும் கற்பனை வேறு. இறையியலாரும் இவ்விரண்டையும் பிரித்தே பேசினர். ஆனால் வேறுபாட்டை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் இரப்பர்த் தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1977இல் ஓர் ஆய்வு காட்டியபின், வேலைத்தளக் காற்றில் பென்சீனின் அளவைப் பத்து இலட்சத்தில் 10 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைத்து 1978இல் அரசு ஆணையிட்டது. எண்ணெய் நிறுவனத்தார் வழக்காடினர். 1980இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த ஆணையைத் தள்ளியது. பழைய அளவில் குறிப்பிடத்தக்க ஆபத்து உண்டென்பதை அரசு முதலில் நிறுவ வேண்டும் என்றது. நிறுவினார்கள், 1987இல் அதே 1 பங்கு மீண்டும் விதியாயிற்று. சட்ட நுணுக்கத்தில் அத்தீர்ப்புக்கு நியாயம் இருக்கலாம். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் காற்று மட்டும் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

மற்றொரு மறுப்பு நம் ஊர்களில் அடிக்கடி கேட்பது. 'யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தெரிந்துதான் வந்தார்கள், கூலியும் வாங்குகிறார்கள்' என்பது. முதலில், தெரிந்தா வந்தார்கள்? பென்சீனை மூக்கு உணர்வதற்குள் இன்றைய வரம்பான ஒரு பங்கு தாண்டிப் போயிருக்கக் கூடும். சிறிது நேரத்தில் மூக்கும் பழகி அடங்கிவிடும். டப்பாவின்மேல் எழுதியிருப்பது அவர் படிக்கும் மொழியில் இருப்பது அரிது. இரண்டாவது, தெரிந்தே வந்தாலும் அந்த இசைவு முழு இசைவாகுமா? திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். தேவையின் நெருக்கடியாலோ, இதைவிடக் கேடான நிலைக்கு அஞ்சியோ, வேறு வழி தரப்படாததால் கடுமையான நிபந்தனைகளை ஒரு தொழிலாளி ஏற்கிறான் எனில், அங்கே நடப்பது ஒப்பந்தமன்று, அவன்மேல் இழைக்கப்படும் வன்முறை என்பது அவர் காட்டிய நெறி. கூலியைப் பற்றி அவர் சொன்னது காற்றுக்கும் பொருந்தும். ஆரோக்கியமான வேலைச் சூழலும் உடல்நலத்தைக் கெடுக்காத தொழில்முறையும் உழைப்பாளியின் உரிமை என்று இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' மடலில் வெளிப்படையாகவே எழுதினார். உரிமை என்றால் அதைக் கூலியோடு சேர்த்து ஏலம் விட முடியாது.

'வேலையே போய்விட்டால்?' என்பது மூன்றாவது மறுப்பு. இதனை எளிதாக ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் காலணித் தொழிலை நம்பி வாழும் பெண்கள் பெருந்தொகையினர்; அவர்கள் கொண்டுவரும் கூலியால் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். ஒரு பட்டறையை மூடச் செய்துவிட்டு அறம் காத்தோம் என்று வீட்டுக்குப் போவது நேர்மையாகாது. சிறு பட்டறைக்காரரும் பல வேளைகளில் அதே அறையில் அதே ஆவியைச் சுவாசிப்பவரே; மேலே இருக்கும் ஏற்றுமதியாளர் ஒரு சோடிக்கு இவ்வளவுதான் என்று விலையைக் கட்டிவிட, அவரும் திணறுகிறார். ஆயினும் வேலை அல்லது உயிர் என்று இரண்டே வழிகள் இருப்பதாகப் பேசுவது உண்மையை மறைப்பதாகும். ஆவியை எழுமிடத்திலேயே இழுத்து வெளியேற்றும் குழாய்கள் உண்டு. நீரில் கரையும் பசைகள் உண்டு. மூடிய கலங்கள் உண்டு. நீர்ப்பசை உலர நேரம் கூடுதலாகும். அடுப்பறை போன்ற ஓர் உலர்த்தி வேண்டும். ஒரு சோடியின் விலை சிறிது ஏறும். ஆக, எதிரெதிரே நிற்பவை வேலையும் உயிருமல்ல. அந்தச் சிறு விலையும் உயிரும். அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர்களில் நாமும் இருக்கிறோம்.

மெய்ப்பிக்கும் சுமையைப் பற்றிப் பேசும்போது கொரிய நாட்டு நிகழ்ச்சி ஒன்றை விட்டுவிட இயலாது. சாம்சங் நிறுவனத்தின் கீகங் தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளை வேதிக் கரைசல்களில் தோய்த்தெடுத்த இளம்பெண் ஒருத்தி, 2007இல், தம் 22ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அவளோடு இணையாக நின்று வேலை செய்த பெண்ணும் அதே நோயால் முன்னரே இறந்திருந்தாள். வாடகைக் கார் ஓட்டிய அவள் தந்தை, வேலையே காரணம் என்று கேட்டபோது, மெய்ப்பித்துக் காட்டு என்றார்கள். எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? எந்தெந்த வேதிப்பொருள் அங்கே இருந்தது என்ற விவரம் வணிக இரகசியம்! பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டுத் திறந்து காட்டு என்பதுபோல. அவர் சோர்ந்துவிடவில்லை. 2011இலும், மேல்முறையீட்டில் 2014இலும் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 2018இல் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுக்கு இசைந்தது. இதற்கிடையே 2017இல், வேறொரு தொழிலாளியின் வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முக்கியமான நெறியொன்றை வகுத்தது: நிறுவனமும் அரசும் விவரங்களைத் தர மறுத்ததால் சான்று குறைவுபட்டிருக்குமானால், அக்குறை தொழிலாளிக்கு ஆதரவாகவே எண்ணப்பட வேண்டும். வேடனின் எடுத்துக்காட்டை அந்த நீதிபதிகள் படித்திருப்பார்களோ என்னவோ, வந்து சேர்ந்த இடம் அதுதான்.

நம் திருச்சபையும் அதே இடத்தை இக்காலச் சொற்களில் காட்டியுள்ளது. 'இறைவா உமக்கே புகழ்' என்னும் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், மீள முடியாத கடுமையான தீங்கு நேரக்கூடும் என்பதற்கு உண்மையான அடிப்படை இருக்குமானால், மறுக்க முடியாத சான்று இல்லாவிடினும் அம்முயற்சியை நிறுத்தவோ மாற்றவோ வேண்டும் என்றார். அந்நிலையில் மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறுகிறது என்பதையும் அங்கேயே சுட்டினார். இன்னும் பின்னோக்கிச் சென்றால் விடுதலைப் பயண நூலின் இருபத்தோராம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளர் குற்றமற்றவர். அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதிருந்தால் குற்றம் அவருடையது. பென்சீனைப் பற்றி 1897இல் எச்சரித்தாயிற்று. ஹெக்சேனைப் பற்றி 1969இல் எச்சரித்தாயிற்று.

நம் நாட்டுச் சட்டங்கள் இதில் முற்றிலும் கண்மூடியிருந்தன என்று சொல்ல முடியாது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் பென்சீனால் வரும் நோய் இடம்பெற்றிருந்தது. குறிப்பிட்ட வேலையில் தொடர்ந்து ஆறு திங்கள் இருந்தவருக்கு அந்நோய் வந்தால், அதை வேலையில் நேர்ந்த காயமாகவே கொள்ளலாம் என்ற நல்லெண்ணம் அச்சட்டத்துக்குள் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இத்தகைய நோயைக் காணும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. போபால் கொடுமைக்குப்பின் 1987இல், ஆபத்தான பொருளின் விவரங்களைத் தொழிலாளிக்குச் சொல்லவேண்டிய கடமையும் அதில் சேர்ந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1971ஆம் ஆண்டுப் பென்சீன் உடன்படிக்கையை இந்தியா 1991இல் ஏற்றது. பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2020இல் இயற்றப்பட்ட தொகுப்பும் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலைத் தாங்கியே வந்தது. ஏட்டில் இவ்வளவு உண்டு. ஆனால் அந்த ஏட்டைத் திறக்கவேண்டிய முதல் கை மருத்துவருடையது. வெளுத்து மெலிந்து வரும் பெண்ணுக்குச் சத்து மாத்திரை எழுதித் தந்து அனுப்பிவிட்டால், சட்டம் அவளைத் தேடி வீட்டுக்கு வராது.

இவ்விடத்தில் பெர்னார்தினோ ராமசினியை நினைக்கிறோம். 1633இல் இத்தாலியில் பிறந்த மருத்துவர் அவர். மோதெனா நகரில் தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்த ஒருவர் மிகுந்த அவசரத்தோடு உழைப்பதைக் கண்டு, ஏன் இப்படி என்று கேட்டார். நீண்ட நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்ற விடை வந்தது. அந்த விடை அவரை விடவில்லை. பட்டறை பட்டறையாகச் சென்று பார்த்து, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏழையின் வீட்டுக்குப் போகும் மருத்துவர், அங்கே முக்காலி கிடந்தாலும் அதில் அமர்ந்து பொறுமையாகப் பேச வேண்டும் என்றார். பழைய கிரேக்க மருத்துவர் நோயாளியிடம் கேட்கச் சொன்ன வினாக்களோடு அவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: நீர் என்ன தொழில் செய்கிறீர்?

நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் மருத்துவமனைகள் நாட்டில் எத்தனையோ. அவற்றில் பலவற்றுக்கு, தோலும் காலணியும் வண்ணமும் சார்ந்த தொழில் நடக்கும் ஊர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். பதிவுச் சீட்டில் பெயரும் வயதும் ஊரும் தவறாமல் இருக்கும். தொழில் என்ற இடம் இருந்தால், பெரும்பாலும் 'கூலி' என்றோ 'கம்பெனி' என்றோ ஒரே சொல்லில் முடிந்துவிடும். பங்குகளின் குடும்பப் பதிவேடுகளிலும் அதே சொல்தான். ஞாயிறு பூசைக்குப்பின் நம்மோடு பேசிக்கொண்டு நிற்கும் அந்தக் கம்பெனிக்காரப் பெண்ணிடம் ராமசினியின் வினாவை இன்னும் சிறிது நீட்டிக் கேட்க எவராலும் முடியும். என்ன ஒட்டுகிறாய், அம்மா? அந்தச் சொல்யூஷன் டப்பாவில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? எத்தனை ஆண்டாக? மாலையில் தலை சுற்றுகிறதா? விரல் நுனி மரத்திருக்கிறதா? நீ உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாளரம் உண்டா, அது திறக்கிறதா?